மழைக்குக் குறித்த நாள்

வலியசாலைத் தெருவில் வெங்கடகிருஷ்ணனை விஞ்ஞானி என்று யாரும் பெரிதாக மதித்ததாகச் சொல்ல முடியாது. வானிலை ஆபீஸில் பெரிய உத்தியோகம், மழைக்காலம் வந்தால் மலையாள டிவியில் முகம் வரும், எல்லாம் சரிதான். ஆனால் தெருவுக்கு அவர் மழை மாமா. காலையில் பால் வாங்க வெளியே வந்தால் போதும், எதிர்வீட்டு மாமி வடாம் மாவைக் கிளறி வைத்துக்கொண்டு காத்திருப்பாள், இன்றைக்குப் பிழியலாமா வேண்டாமா என்று. பிழியலாம் என்று அவர் சொல்லி, சாயங்காலம் தூறிவிட்டால் தீர்ந்தது. அந்த வாரம் முழுக்கத் தெருவில் தலைகாட்ட முடியாது. சாட்டிலைட் படம், காற்றுச் சுழற்சி, குமரிக்கடல் என்று எதை விளக்கினாலும் மாமியின் வடாம் காயப்போவதில்லையே. இதிலெல்லாம் அவருக்கு வருத்தமும் கிடையாது, சிரித்துக்கொண்டே போய்விடுவார். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் செய்த காரியம் நல்ல மனசில்தான் ஆரம்பித்தது. கெட்ட மனசில் ஆரம்பித்திருந்தால் யாராவது நடுவிலேயே கண்டுபிடித்துத் தொலைத்திருப்பார்கள்.

தெருக்கோடியில் ஒரு சின்னக் கோவில், அதற்கு ஒரு குளம். பங்குனி கடைசியில் கிணறெல்லாம் அடி காண்கிற வருஷங்களில் அந்தக் குளத்தில் வருண ஜபம் நடத்துவது தெருவின் வழக்கம். புரோகிதம் பார்க்கிற வாத்தியார் ஸ்ரீநிவாஸ் விடியற்காலையில் குளத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வெயில் ஏறும்வரை மழைக்கான மந்திரத்தைச் சொல்வார். மூன்று நாள் அப்படி. ஏற்பாடெல்லாம் குற்றாலலிங்கம். சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம், பூர்வீகம் தென்காசிப் பக்கம், கோவில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த ஜபம் படுதோல்வி. மழை வராது என்று வெங்கடகிருஷ்ணனுக்கு நன்றாகவே தெரியும், படத்தில் பொட்டு மேகம் இல்லை. கோவில் விஷயத்தில் நாம் எதற்கு மூக்கை நுழைப்பது என்று, ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரை வழியாகவே மூன்று நாளும் நடந்து போனார். மூன்றாம் நாள் பைக்கில் வந்த பையன்கள் வண்டியை நிறுத்தி, "சாமீ, குட எடுக்கணோ?" என்று, குடை எடுக்க வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு ஹோவென்று சிரித்தார்கள். ஸ்ரீநிவாஸ் கண்ணைத் திறக்கவில்லை, மந்திரத்தையும் விடவில்லை. ஆனால் அவர் காது சிவந்துபோனதை வெங்கடகிருஷ்ணன் பார்த்தார். அன்றைக்கே வாத்தியாருக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். மழை அதற்கப்புறம் தன் சௌகரியம்போல் வந்தது.

அந்தச் சிவந்த காது வெங்கடகிருஷ்ணன் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போனோமே என்று இருந்தது. மறுவருஷம் குற்றாலலிங்கம் ஜபத்துக்கு நாள் குறிக்கிறார் என்று கேள்விப்பட்டதும் தானாகவே போன் போட்டு, இந்த வாரம் வேண்டாம், அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பியுங்கள், வாத்தியார் பாவம், வெறுமனே நிற்க வேண்டாம் என்றார். குற்றாலலிங்கம் வியாபாரி, அரை வார்த்தையில் புரிந்துகொண்டார். சரிங்க சாமி, நீங்க சொன்னதுதான் முகூர்த்தம் என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜபம் ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் இடி இடித்துக் கொட்டியது பாருங்கள், கோவில் நடையில் முழங்கால் தண்ணீர். நனைந்த வேஷ்டியோடு நின்ற ஸ்ரீநிவாஸின் காலில் விழுந்து எழுந்தவர்களில் போன வருஷம் குடை கேட்ட பையனும் ஒருத்தன்.

அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. குற்றாலலிங்கம் அதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் மழை மாமாவுக்கு ஒரு போன், மேலே எப்படி இருக்கு சாமி என்று. குமரிக்கடலில் ஏதாவது திரண்டால் இவர் சொல்வார். அதற்குப் பக்கத்தில் ஒரு நல்ல நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் அவர் பிடித்துவிடுவார். ஸ்ரீநிவாஸுக்கு நாள் மட்டும்தான் தெரியும், அந்த நாள் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. வெங்கடகிருஷ்ணனின் மனைவி ஆஷாவுக்குத் தெரியும். யுனிவர்சிட்டியில் புள்ளியியல் படிக்கிற மகள் ஜானவிக்கும் தெரியும், வீட்டில் போன் பேசினால் கேட்காதா என்ன. குடும்பத்தில் இதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்கள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு பாபமும் இல்லை. இந்த வருஷம் ஜபமும் மழையும் முடிந்த கையோடு கோவில் ஆண்டு விழா வந்தது. ‘விஞ்ஞானம் தெய்வத்தை ஒத்துக்கொள்கிறதா?’ என்று தலைப்பு வைத்து, பேச வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் ஒழுங்காகத்தான் தயார் செய்துகொண்டு போனார். நட்சத்திரம், கிரகங்களின் ஒழுங்கு, இதற்கெல்லாம் பின்னால் ஒரு அறிவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று யாருக்கும் நோகாமல் பேசி முடித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞன் எழுந்து, அழகான பேச்சுதான் சார், ஆனால் எவிடென்ஸ் ஏதாவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டான். அவன் கேட்ட விதத்தில் ஒரு இளக்காரம் இருந்தது. சிலர் சிரித்தார்கள்.

மனுஷருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. டிவியில் வருகிறவர், தெருக்காரர்கள் முன்னால் ஒரு பொடிப்பயலிடம் தோற்பதா? மைக்கைத் திரும்ப வாங்கினார். இருக்கிறது என்றார். மூன்று வருஷத்துக் கணக்கு என்னிடம் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஜபம் தொடங்கி இரண்டு நாளுக்குள் மழை பெய்திருக்கிறது, ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்றார். சோதனை என்றால் என்ன என்று பாடமே எடுத்துவிட்டார். "ஒண்ணை மட்டும் செஞ்சு பார்க்கணும். வேற எதையும் கூடச் சேர்க்கக் கூடாது. அப்போதான் எதனாலே நடந்ததுன்னு தெரியும். இங்கே ஜபத்தைத் தவிர வேற என்ன நடந்தது? இதை விஞ்ஞானம் ஒதுக்கித் தள்ள முடியாது" என்று முடித்தபோது கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. குற்றாலலிங்கம் பொன்னாடை போர்த்தினார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். முன்வரிசையில் ஸ்ரீநிவாஸ் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜானவி, நாள் வைத்தது நீங்கள்தானே அப்பா என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, காட்டு பார்க்கலாம் என்றார்.

"இல்லை. அதுதான் மோசம்" என்றாள் ஜானவி.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் இறங்க ஆரம்பித்துவிட்டது. மனுஷ சுபாவம் அப்படி. பேச்சை யாரோ போனில் எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டிருந்தார்கள், பாலக்காட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிட்டு மெச்சினார்கள். அவரும் மெச்சலை வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் ஆஷா கோவிலில் பூக்கட்டிவிட்டு வந்தவள், புடவைகூட மாற்றாமல் அவர் எதிரே வந்து நின்றாள். ஸ்ரீநிவாஸின் மனைவி விஜயலக்ஷ்மிக்கு மார்பில் கட்டியாம். ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டார்களாம், அதேதானாம். உடனே ஆபரேஷன் செய்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாளாம். வாத்தியார் என்ன செய்திருக்கிறார் தெரியுமா, ஒரு மண்டலம் ஜபம் பண்ணுகிறேன், அதற்கப்புறம் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"அவளுக்குப் பயம்தான். ஆனா கல்யாணம் ஆனதிலேர்ந்து அவர் மூஞ்சிலே இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லையாம். அதைக் கெடுக்க மனசு வரலைங்கறா" என்றாள் ஆஷா. "ஏன்னா, அந்த வெளிச்சம் யார் ஏத்தி வச்சதுன்னு உங்களுக்குத் தெரியும். போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

போனார். அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கே போனார். ஸ்ரீநிவாஸ் ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்து, விஜயலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார். சுவரில், பொன்னாடையோடு வெங்கடகிருஷ்ணன் மைக் முன்னால் நிற்கிற போட்டோ ஒன்று தொங்கியது. ஸ்ரீநிவாஸ் அதைச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெங்கடகிருஷ்ணன் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்தது தொண்டை வரை வந்தது. தொண்டையிலிருந்து வெளியே வந்தது என்னவோ வேறு. ஜபத்தைப் பண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது, கூடவே ஆபரேஷனையும் முடித்துவிடலாமே என்றார்.

ஸ்ரீநிவாஸ் சிரித்தார். "என்னண்ணா, நீங்களே இப்படிச் சொல்றேள்? ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா எதனாலே குணமாச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணை மட்டும் செஞ்சு பார்க்கணும்னு நீங்கதானே சொன்னேள்."

வெங்கடகிருஷ்ணன் காபியை வாய் சுடச்சுடக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆஷா கேட்டதற்கு, சொல்லிவிட்டேன், வாத்தியார் யோசிக்கிறேன் என்றிருக்கிறார் என்று பூசி மெழுகினார். அவள் நம்பவில்லை. மறுநாளிலிருந்து சாதத்தை வைத்துவிட்டு எதிரே உட்காராமல் போய்விடுவாள்.

அவர் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. குற்றாலலிங்கத்திடம் போய்ப் பார்த்தார், இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று. தனியாகச் சொல்ல வெட்கமாக இருந்தது, துணைக்கு ஆள் தேடினார், அவ்வளவுதான் விஷயம். குற்றாலலிங்கம் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நாம யாருக்கும் கெடுதல் செய்யலைல்லா சாமி என்றார். ஊருக்கு ஒரு தெம்பு வந்திருக்கு, வாத்தியாருக்கு ஒரு மரியாதை வந்திருக்கு, இப்போ போய் அதைப் பிடுங்குதது பாவம்லா, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, அம்பாள் பாத்துக்கிடுவா என்றார். நாள் குறித்த மனுஷர் அம்பாளை இழுக்கிறாரே என்று வெங்கடகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதல் வந்ததுதான் அசிங்கம் என்று பிற்பாடு பலதடவை நினைத்துக்கொண்டார்.

இப்படியே நாள் ஓடியது. ஆபீஸில் தினமும் மழை வருமா வராதா என்று கூசாமல் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தெருவுக்குள் நுழைந்தால் வாத்தியார் வீட்டைத் தாண்டாமல் இருக்கக் கோவிலைச் சுற்றிக்கொண்டு போவார். விடியற்காலையில் குளத்திலிருந்து ஸ்ரீநிவாஸின் குரல் வரும். முன்னெல்லாம் கேட்ட குரல் இல்லை இது, கணீரென்று, ஒரு பிள்ளை அம்மாவிடம் கேட்கிற மாதிரி கேட்கும். வெங்கடகிருஷ்ணன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். வெயில் காலத்தில் ஜன்னலைச் சாத்தினால் புழுங்காதா? புழுங்கும். புழுக்கத்தில் கிடப்பார்.

ஒரு காலையில் சுற்றிக்கொண்டு போகிற வழியிலேயே மாட்டிக்கொண்டார். கோவில் பிரகாரத்தில் விஜயலக்ஷ்மி மெதுவாகப் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ரவிக்கைக்குள் ஒரு துணியை மடித்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது, ஏதோ கசிகிறது போல. இவரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்கட்டுமா? மழை வந்த மாதிரி எனக்கும் சரியாயிடும், இல்லையோ? நீங்க சொன்னா தைரியமா இருப்பேன்."

அவர் திரும்பி நேரே குளத்துக்குப் போனார். ஸ்ரீநிவாஸ் ஜபம் முடித்துக் கரையேறி, மேல்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். வெங்கடகிருஷ்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் இறங்கினார். இனிமேல் ஒரு நிமிஷம் நின்றாலும் வாய் மாறிவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"வாத்தியார், மழை உங்க ஜபத்துக்கு வரலை. மழை வர நாளைப் பார்த்துத்தான் உங்க ஜபத்தை வச்சோம்."

ஸ்ரீநிவாஸ் பிழிந்த துண்டை உதறினார். உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டார். எந்த வருஷம் என்று கேட்டார். மூன்று வருஷமும்தான் என்றார் இவர். குற்றாலலிங்கத்துக்குத் தெரியுமா? தெரியும். மன்னிக்கு? ஆஷாவுக்கும் தெரியும். குழந்தைக்கு? ஜானவியை அவர் குழந்தை என்றுதான் சொல்வார். வெங்கடகிருஷ்ணன் தலையை ஆட்டினார்.

"அப்போ எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார் ஸ்ரீநிவாஸ்.

திட்டுவார், அழுவார், நீரெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்பார் என்று வெங்கடகிருஷ்ணன் காத்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஸ்ரீநிவாஸ் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் நம்பினதே கிடையாது அண்ணா. உங்களுக்கு அது தெரியாது. அப்பா சொல்லிக்குடுத்தார், சொன்னேன். கூப்பிட்டா, போய்ச் சொன்னேன். ஸ்வரம் தப்பக் கூடாது, அது ஒண்ணுதான் என் கவலை. கேட்கறதுக்கு அங்கே ஒருத்தன் இருக்கானா இல்லையான்னு யோசிச்சதே இல்லை. முதல் தடவை மழை வந்தப்போகூட, ஏதோ வந்ததுன்னுதான் இருந்தேன். நீங்க மேடையிலே சொன்னேள் பாருங்கோ, அன்னிக்குத்தான் நம்பினேன். இவ்வளவு படிச்சவர், கணக்கு வச்சிண்டு சொல்றார்னு. மந்திரத்தை நம்பலை அண்ணா. உங்களை நம்பினேன்."

வெங்கடகிருஷ்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். குளத்தில் விழுந்து செத்துவிடலாம் போல் இருந்தது, அதற்கும் தண்ணீர் இடுப்பளவுதான். ஸ்ரீநிவாஸ் எழுந்து அவரைத் தாண்டி மேலே போனார். போகிறபோது நிதானமாக, ஆபீஸுக்கு நாழியாகிவிடாதா என்று வேறு கேட்டுவிட்டுப் போனார். பழக்கதோஷம், வேறொன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும்தான் வெங்கடகிருஷ்ணனுக்கு அழுகை வந்தது.

அன்று மத்தியானமே விஜயலக்ஷ்மியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் அன்றைக்கு ஆஷா வீட்டில் இருந்து எல்லோருக்கும் சமைத்து அனுப்பினாள். வெங்கடகிருஷ்ணன் லீவு போட்டுவிட்டு வந்து தியேட்டருக்கு வெளியே ஸ்ரீநிவாஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பக்கத்து பெஞ்சில் ஒரு முஸ்லிம் அம்மாள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம், கைகோத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. ஸ்ரீநிவாஸ் மட்டும் வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தத் தாழ்வாரத்தில் ஜபம் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான், அவர்தான் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெங்கடகிருஷ்ணனுக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்லுங்களேன் வாத்தியார், மனசுக்குள்ளேயாவது என்று கெஞ்சினார். ஒரு விஞ்ஞானி கெஞ்சுகிற லட்சணம் அது. ஸ்ரீநிவாஸ் தலையை ஆட்டினார். சொல்லிப் பார்த்துவிட்டேன், மந்திரம் வாயில் வரவில்லை என்றார். முன்னால் நம்பாமல் சொன்னேன், வந்தது, அப்புறம் நம்பிச் சொன்னேன், அப்போதும் வந்தது, இப்போது முதல் வார்த்தையிலேயே இது யார் குறித்த நாள் என்று தோன்றிவிடுகிறது என்றார். சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்கட்டுமா என்றார்.

"அந்த முதல் வருஷம், பசங்க குடை எடுக்கணுமான்னு கேட்டு சிரிச்சாளே, அந்த மூணு நாள். மழை வராதுன்னு அப்போ உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அந்த மூணு நாள்தான் நான் ஒழுங்காச் சொன்னது" என்றார் ஸ்ரீநிவாஸ்.

கதவு திறந்து டாக்டர் அம்மாள் வெளியே வந்தாள். சின்ன வயசுதான், நல்ல களைப்பில் இருந்தாள். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, கட்டியை எடுத்தாயிற்று என்றாள். ஆனால் முதல் ஸ்கேனில் அக்குள் சுத்தமாக இருந்தது, இப்போது அங்கேயும் பரவி, அதையும் வழித்து எடுக்கவேண்டி வந்தது, இனிமேல் மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றாள். அப்புறம்தான் அவளுக்குக் கோபம் ஏறியது. அன்றைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேனே, எழுதிக்கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனீர்களே, எதற்காக என்று மலையாளத்தில் விடாமல் கேட்டாள். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நாள் சரியாக இல்லை என்று நினைத்துவிட்டேன் என்றார் ஸ்ரீநிவாஸ்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போதுதான் பக்கத்தில் நிற்கிறவரைக் கவனித்தாள். டிவியில் மழை சொல்கிற சார்தானே நீங்கள் என்றாள். வெங்கடகிருஷ்ணன் ஆமாம் என்றார். இவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். ஒரே தெரு என்றார். அவள் ஸ்ரீநிவாஸிடம் திரும்பினாள்.

"இவரைப் போல ஒரு சயன்டிஸ்ட் உங்க தெருவிலேயே இருக்கார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஸ்ரீநிவாஸ் நிமிர்ந்து வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தார். ஒரு கணம்தான். வெங்கடகிருஷ்ணனுக்கு வாய் இருந்தது, அதில் நாக்கும் இருந்தது. குளக்கரையில் ஆளில்லாத இடத்தில் சொன்னதை இங்கே இத்தனை பேர் நடுவில், டிவியில் தன்னைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

கேட்டிருக்கணும், தப்புதான் என்று ஸ்ரீநிவாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

சார், நீங்களாவது இவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் நடந்தாள். வெங்கடகிருஷ்ணன் தலையை ஆட்டினார். ஆட்டியே விட்டார். ஆட்டுகிற தலையைத் தானே பார்க்கிறாற்போல் இருந்தது அவருக்கு.

டாக்டர் கண்மறைந்ததும் ஸ்ரீநிவாஸ் பக்கம் திரும்பினார். ஏன் வாத்தியார், நான் சொன்னதாலேதான் என்று சொல்லியிருக்கலாமே என்றார்.

"எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பா அண்ணா" என்றார் ஸ்ரீநிவாஸ், கோபமே இல்லாமல். "எனக்கு அது பழக்கம். உங்களுக்குப் பழக்கமில்லையே."

நர்ஸ் வந்து விஜயலக்ஷ்மியின் ஆள் யார் என்று கேட்டாள். ஸ்ரீநிவாஸ் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.